கைப்பிடி வைத்த லேத்

துவைத்துக் காய்ந்த சேலையை மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒருத்தி இந்த முனை, மற்றவள் அந்த முனை. இழுத்து, உதறி, நடந்து வந்து சேர்ப்பது. அக்காவின் வீட்டில் அந்தச் சட்டம் செல்லாது. ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மற்றதை எட்டிய மட்டும் கையால் நீட்டி, நாடியால் அமத்தி, ஆறு கஜத்தையும் தனியாகவே மடித்து முடித்துவிடுவார். முதல் முறை அதைக் கண்டபோது நான் பாய்ந்து போய் மறுமுனையைப் பிடித்தேன். அவர் சேலையை வாயிலிருந்து எடுத்து, "விடுங்க மிஸ், கசங்கிரும்," என்றார். நான் பிடித்தால் கசங்குமாம், பல்லால் கடித்தால் கசங்காதாம்.

அக்கா என்று அழைத்தேனே தவிர உறவு ஒன்றுமில்லை. என்னைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவர். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கலியாணம் முடித்துக் கண்டிக்கு வந்து, ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தவள். அவர் வத்தேகமப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். ஒரு பெரிய ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவும் வேலைக்குப் போய், கண்ணாடி ஊதுகிற அறையில் எட்டி எட்டிப் பார்த்தே வேலையைப் பிடித்து, கடைசியில் அந்த அறைக்கே பொறுப்பாக இருந்தார். பெயரை எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

பழக்கம் வந்தது ஓர் ஒடுக்கியால். கண்ணாடிக் குழாய்க்குள் இன்னொரு கண்ணாடிக் குழாய், வெளிக்குழாயில் தண்ணீர் ஓட, உள்ளே போகும் ஆவி குளிர்ந்து சொட்டும், அதுதான் ஒடுக்கி. எங்கள் ஆய்வுகூடத்தில் உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் ஒரு பிள்ளை கீழே போட்டுவிட்டாள். புதிது வாங்குவதென்றால் கல்விக் கந்தோருக்கு எழுதி எழுதியே என் தலை நரைத்துவிடும். வத்தேகம றோட்டில் ஒரு பெண் வீட்டிலேயே கண்ணாடி ஒட்டித் தருகிறார் என்று யாரோ சொல்ல, இரண்டு துண்டையும் பழைய துவாயில் சுற்றிக்கொண்டு போனேன்.

"வாங்க மிஸ், உக்காருங்க," என்று கதிரையை இழுத்துப் போட்டார். துண்டுகளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சாகல. மயக்கந்தான்," என்றார்.

அன்று அவர் வேலை செய்ததை நின்று பார்த்தேன். இடது கையில் ஒரு துண்டு, வலது கையில் ஒரு துண்டு. இரண்டு முனையும் சுவாலைக்குள் சிவந்து, தேன்பாகு மாதிரி இளகும்போது சேர்த்துவிட்டு, இரண்டு கையாலும் ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டே இருக்கவேண்டும். வாயில் கவ்விய ரப்பர் குழாயால் மெல்ல ஊதவும் வேண்டும். ஒரு கை கடுகளவு பிந்தினாலும் குழாய் முறுக்கிக்கொள்ளும். எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது.

"அக்கா, நான் மற்றப் பக்கத்தைப் பிடிக்கட்டே?"

"ஒரு சாமானுக்கு ரெண்டு கை போதும் மிஸ். நாலு கையாச்சுன்னா ரெண்டு மனசு. கண்ணாடிக்கு ரெண்டு மனசு ஒத்துக்காது."

கண்ணாடிக்கு மட்டும் என்றால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். எரிவாயு சிலிண்டரை பஸ்ஸில் கொண்டுவந்து, றோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் படிக்கட்டில் குழந்தையைப்போல அணைத்து, ஒவ்வொரு படியாகத் தானே ஏற்றுவார். பக்கத்து வீட்டுக்காரர் கைகொடுக்க இறங்கி வந்தால் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, அந்த மனுஷன் திரும்பிப் போகுமட்டும் மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நிற்பார். ஒரு வருஷம் மாத்தளைத் தேருக்குச் சேர்ந்து போனோம். ஊரே வடத்தைத் தொட முண்டியடிக்கிறது, இவர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறார்.

"தொடுங்கோ அக்கா, புண்ணியம்."

"இத்தன பேரு இழுக்கிறாங்க. நான் இழுத்தேன்னு எப்படி மிஸ் தெரியும்?"

சாமிக்குத் தெரியாதா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணத்தை அவரே சொன்னார். ஆய்வுகூடத்தில் ஒரு முறை ஆள் உயரக் குழாய் ஒன்றை இணைக்கவேண்டி வந்ததாம். மேலதிகாரி மறுபக்கம் பிடிக்க ஓர் ஆளையும் நிறுத்தினாராம். கண்ணாடி இளகி நிற்கிற நேரம் கதவடியில் யாரோ அந்த ஆளைக் கூப்பிட, அவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், குழாய் முறுக்கி வெடித்துவிட்டது. விசாரணை வைத்துக் கடிதமும் கொடுத்தார்கள். "கடுதாசியில எம் பேரு மட்டுந்தான் இருந்துச்சு. மறுபக்கம் பிடிச்சவரு பேரு இல்லவே இல்ல மிஸ்," என்றார். அதைச் சொல்லும்போது கோபம்கூட இல்லை, பழைய கணக்கொன்றை வாசிப்பதுபோலத்தான் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அதை ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதுவும் ஒரு குழாயின் வாயை மணல்தாளில் தேய்த்துக்கொண்டே. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் கணவரின் குடும்பத்துக்குக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. இவருக்கு அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. "நீ பின்னால வான்னாரு. சரின்னேன். அவரு கப்பலேறிப் போனாரு. ரெண்டு வருஷம் கடுதாசி வந்துச்சு." குழாயின் வாயை ஊதித் தூளைத் தட்டினார். கேள்வி கேட்பதில் பேர்போன நான் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவருடைய கை பழுதாகிப்போனது எனக்குத் தெரியவந்தது ஒரு தேநீர்க் கோப்பையால். அவர் ஓய்வு பெற்று வீட்டு வேலையை மட்டும் வைத்திருந்த காலம். இடது கையால் கோப்பையை நீட்டினார், நான் வாங்குவதற்கு முன்பே அது நழுவிச் சீமெந்துத் தரையில் சிதறியது. "வழுக்கிருச்சு," என்றார். இரண்டு கிழமை கழித்து எங்கள் பள்ளிக்கூட ஒடுக்கி ஒன்றைத் திருத்தித் தந்தார். ஒட்டின இடத்தில் மெல்லிய முறுக்கு, நூல் சுற்றியது மாதிரி. நான் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவரே அதை என் கையிலிருந்து வாங்கி, குப்பை வாளிக்குள் போட்டு உடைத்தார்.

"பெருவெரலும் பக்கத்து ரெண்டு வெரலும் மரத்துப் போகுது மிஸ். சாமானப் பிடிச்சிருக்கேனா இல்லையான்னு கண்ணால பாத்தாத்தான் தெரியுது."

ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறார், என்னிடம் சொல்லாமல். மணிக்கட்டில் கீறிப் பார்க்கலாம், ஆனால் பழையபடி வரும் என்று சொல்லமுடியாது என்றார்களாம். இவர் வேண்டாம் என்று வந்துவிட்டார்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க. கை போச்சுன்னு தெரிஞ்சா ஒரு பள்ளிக்கூடமும் சாமான் அனுப்பாது. அப்புறம் காலையில எந்திரிச்சு நான் என்னா செய்ய? வெறும் ஆளா உக்காந்திருக்கவா?"

சோற்றுக்குக் கஷ்டமில்லை, ஓய்வூதியம் வந்தது. கஷ்டம் அதுவல்ல. அன்றிலிருந்து பள்ளிக்கூடங்களுக்குச் சாட்டுச் சொல்லத் தொடங்கினார். காஸ் முடிந்தது, ஒட்சிசன் வரவில்லை, தங்கச்சி வீட்டில் கலியாணம். திருத்தவேண்டிய சாமான்கள் அலுமாரிக்கு மேலே சேர்ந்துகொண்டே போயின. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஒரு நாள் அவரே, என்னைப் பார்க்காமல், யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"மிஸ், வீட்டுல வச்சுக்கிற மாதிரி சின்னதா ஒரு லேத் என்னா வெலை இருக்கும்?"

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஆய்வுகூடத்தில் இருந்த கண்ணாடி லேத்தைப் பற்றிக் கேட்டால், "அது கை இல்லாதவங்களுக்கு," என்று முகத்தைச் சுழித்தவர் அவர். இரும்பு கடைகிற லேத்தில் ஒரு தலை சுற்றினால் போதும். மற்ற முனை சும்மா தாங்கி நிற்கும். கண்ணாடி லேத்தில் இரண்டு தலையும் சுற்றவேண்டும், ஒரே திசையில், ஒரே வேகத்தில். இரண்டு கை செய்கிற வேலையை அந்த இரண்டு தலையும் செய்யும். தலைகளின் நடுவே துளையும் வேண்டும், ஊதுகிற குழாயை மாட்டுவதற்கு. அப்படி ஒன்றைக் கேட்பதற்கு அவர் எத்தனை நாள் தனக்குள்ளேயே சண்டை பிடித்திருப்பார் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, வழக்கம்போல, தலைகால் தெரியாமல் ஓடத் தொடங்கினேன்.

முதலில் வெளிநாட்டு விலைப்பட்டியல் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். படம் அழகாக இருந்தது. விலையை வாசித்துவிட்டு, "இதுக்குப் புதுக் கை ரெண்டு வாங்கலாம் மிஸ்," என்று மடித்துத் தந்துவிட்டார்.

பிறகு அலவத்துகொடவில் பழைய மெசின் விற்கும் முஸ்லிம் நாநா ஒருவரிடம் போனோம். அவர் மூலையில் கிடந்த சின்ன லேத் ஒன்றைத் துடைத்துக் காட்டினார். "எங்கட கிட்ட ஈக்கிறதுல இதுதான் சின்னது மிஸ். ரெண்டு தலைமுறைக்குப் பாவிக்கலாம்."

அக்காவிடம் ஒரு சோதனை இருந்தது. குடைக்குள் வைத்துக் கொண்டுவந்த மெல்லிய கண்ணாடிக் கம்பியை லேத்தின் வாயில் பூட்டி, கையால் மெல்லச் சுற்றி, கம்பியின் நுனிக்கு நேரே தன் பெருவிரல் நகத்தைப் பிடிப்பார். நுனி நகத்தில் ஒரே புள்ளியில் நின்றால் சரி. அலைந்தால் லேத் தலையாட்டுகிறது என்று அர்த்தம்.

"தலையாட்டுது நாநா."

"கொஞ்சந்தானே!"

"தலையாட்டுற மாப்பிள்ளைய வச்சுக் குடும்பம் நடத்திரலாம். தலையாட்டுற லேத்த வச்சு ஒண்ணும் செய்ய ஏலாது."

நாநா விழுந்து விழுந்து சிரித்தார். தேநீர் வரவழைத்துத் தந்தார். லேத் அங்கேயே கிடந்தது.

அடுத்து பிலிமத்தலாவை. அங்கே றோட்டோரமெல்லாம் பித்தளை விளக்குக் கடைகள். பின்பக்கத்துப் பட்டறைகளில் விளக்கின் தண்டு கடைகிற சின்னச் சின்ன லேத்துகள். ஒரு பாஸ், பட்டறை மேஸ்திரி, சிங்களவர், பெரிய மெசின் வாங்கப் போவதால் சின்னது இரண்டைக் கொடுக்க இருந்தார். அக்கா கம்பியைப் பூட்டிச் சுற்றினார். நுனி நகத்தில் ஆடாமல் நின்றது. தலையில் துளையும் இருந்தது. விலையும் கைக்கு அடக்கம். எனக்குக் கோயில் மணி அடித்த மாதிரி இருந்தது. அக்கா கம்பியைக் கழற்றிக் குடைக்குள் வைத்துக்கொண்டு, "நல்ல சாமான். ஆனா ஒரு தலதானே சுத்துது," என்று வெளியே நடந்தார்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. ஒன்று பாரம், ஒன்று சத்தம், ஒன்றுக்குத் துளை சின்னது. ஒவ்வொரு குறையும் நியாயமான குறைதான், அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு நாள் பஸ்ஸில் திரும்பி வரும்போது பொறுக்கமுடியாமல் சொல்லிவிட்டேன்.

"அக்கா, லேத்தில ஒரு பிழையும் இல்லை. வாங்கினால் கை போயிட்டுதெண்டு ஒத்துக்கொண்ட மாதிரி. அதுதான் உங்களுக்குக் கஷ்டம்."

அவர் குடையை மடியில் சரியாக வைத்துக்கொண்டார். இறங்குகிற இடம் வந்ததும், "வாறீங்களா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க," என்றார். நான் போகவில்லை. வீட்டுக்குப் போய், சொன்னதற்காக என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் சொன்னது பொய் என்று இன்றைக்கும் நினைக்கவில்லை.

அடுத்த மாதம் நான் செய்ததை என் பிள்ளைகள் இப்போதும் சொல்லிச் சிரிப்பார்கள். ஒன்றில் ஒரு தலைதானே சுற்றுகிறது? இரண்டு வாங்கி முகத்துக்கு முகம் வைத்தால் இரண்டு தலை! பட்டம் பெற்ற இரசாயன ஆசிரியையான நானும், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிற, பௌதிகம் படித்த என் கணவரும், பிலிமத்தலாவைக்குப் போய் அந்த இரண்டு லேத்தையும் வாங்கி, வான் வண்டியில் ஏற்றி, அக்கா வீட்டு மேசையில் முகத்துக்கு முகம் பார்க்கப் பூட்டினோம். அக்கா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டையும் ஒண்ணா ஓட விட்டுப் பாத்தீங்களா மிஸ்?"

"இனித்தான்."

அவர் ஒரு குழாயை எடுத்து, ஒரு முனையை இந்த லேத்தின் வாயிலும் மறுமுனையை அந்த லேத்தின் வாயிலும் பூட்டினார். நடுவில் சுவாலையைப் பிடித்து இளகவைத்தார். "இப்பப் போடுங்க," என்றார். நான் ஒரு சுவிட்சையும் என் கணவர் மற்றச் சுவிட்சையும் ஒரே நேரத்தில் போட்டோம். குழாய் கண்மூடித் திறப்பதற்குள் முறுக்காகி, இரண்டாகி, ஒரு துண்டு என் காலடியில் வந்து விழுந்தது.

எதிரெதிரே நிற்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு வலது, மற்றவருக்கு இடது. லேத்தும் அப்படித்தான். இரண்டும் ஒரே மாதிரி என்பதாலேயே, முகத்துக்கு முகம் வைத்தால் ஒன்று இந்தப் பக்கம் சுற்றும், மற்றது அந்தப் பக்கம் சுற்றும். எட்டாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடிக்கிற விஷயம்.

அக்கா சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "வாங்கறப்ப சாரும் கூடவா நின்னாரு?" என்று கேட்டார். "ஓம்," என்றேன். மறுபடியும் சிரித்தார். என் கணவர் வெளியே போய் வானுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

இரண்டையும் திருப்பி அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அனுப்பவில்லை. பிலிமத்தலாவை பாஸைத் தானே வரவழைத்தார். அவர்கள் இருவரும் சிங்களத்தில் கதைத்ததில் எனக்குப் பாதிதான் விளங்கியது. பாஸ் இரண்டு மோட்டரையும் கழற்றிவிட்டார். மேசைக்குக் கீழே ஒரே நீளக் கம்பித்தண்டைப் பூட்டி, அதிலிருந்து இரண்டு தலைக்கும் ஒரே அளவுச் சக்கரத்தில் ஒவ்வொரு பெல்ட் போட்டார். தண்டைச் சுற்றினால் இரண்டு தலையும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் சுற்றின. தண்டுக்கு ஒரு மோட்டர் மட்டும் பாக்கி. அதை அடுத்த முறை கொண்டுவருவதாகப் பாஸ் சொல்லிவிட்டுப் போனார்.

"ஒரு வருஷமா நல்லது நல்லதாக் காட்டினன், வேண்டாமெண்டியள். பிழையா வாங்கிக்கொண்டு வர எடுத்திட்டியளே!" என்று கேட்டேன்.

"பிழையா இருந்ததாலதான் மிஸ் புடிச்சுச்சு. எல்லாம் சரியா இருந்திருந்தா எனக்கு அதுல என்னா வேலை?"

அதற்குப் பிறகு பள்ளியில் பரீட்சைக் காலம். இரண்டு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. இதற்கிடையில் என் கணவருக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது. நானும் மாற்றம் கேட்டு எழுதினேன். கொழும்பில் ஒரு பள்ளியில் இடம் கிடைத்த கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. வியாழக்கிழமை பின்னேரம், அக்காவிடம் சொல்லவேண்டும் என்று வத்தேகம பஸ்ஸில் ஏறினேன். எப்படித் தொடங்குவது என்று வழி முழுக்க யோசித்தேன், ஒன்றும் வரவில்லை.

லேத் யன்னலடியில் தயாராக நின்றது. மோட்டர் இல்லை. தண்டின் கோடியில் ஓர் இரும்புக் கைப்பிடி, கரும்பு பிழிகிற மெசினில் இருக்குமே, அதுபோல. அதற்குப் பக்கத்தில் ஒரு கதிரை. அக்கா நின்று வேலை செய்கிற இடத்திலிருந்து அந்தக் கைப்பிடி எட்டாது. எட்டும்படி வைக்க இடம் இருந்தது, வைக்கவில்லை.

"மோட்டர் எங்கை அக்கா?"

"போடல."

"கரண்ட் வெட்டுறதாலயோ?"

அப்போது தினமும் மின்வெட்டு இருந்தது.

"அதுவுந்தான்." கொஞ்ச நேரம் சுவாலையைச் சரிபார்த்தார். "மோட்டரு, நான் மெதுவான்னு சொன்னாக் கேக்காது. நீங்க கேப்பீங்க. உக்காருங்க மிஸ்."

நான் உட்கார்ந்தேன். அலுமாரிக்கு மேலே கிடந்த ஒடுக்கி ஒன்றை எடுத்து, இரண்டு பாதியையும் இரண்டு தலையில் பூட்டினார். கண்ணாடிக்கம்பிச் சோதனைகூடச் செய்யவில்லை, அதெல்லாம் முன்பே முடிந்திருக்கவேண்டும். ரப்பர் குழாயைக் கவ்விக்கொண்டார். வாயின் மற்ற ஓரத்தால் எனக்குக் கட்டளை வந்தது.

"சுத்துங்க... மெதுவா... இன்னும் மெதுவா... நிக்கக் கூடாது, நின்னாத் தொங்கிரும்... ஆ, அப்படியே, அப்படியே."

சுவாலையைப் பிடித்திருந்தது வலது கை. இடது கை இடுப்போரத்தில் சும்மா கிடந்தது. எத்தனையோ மாதமாக அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள்ளும் துவாய்க்கு அடியிலும் ஒளித்து வைத்திருந்தவர், அன்று அதை மறைக்கவில்லை. எனக்குக் கைப்பிடியைப் பார்ப்பதா, கண்ணாடியைப் பார்ப்பதா, அந்தக் கையைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. இளகின இடம் சேர்ந்தது, கொஞ்சம் பருத்தது, பிறகு நேரானது. சுவாலையை அணைத்த பிறகும், "சுத்துங்க, சுத்துங்க, சூடு ஆறட்டும்," என்று அவர் சொல்ல, நான் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

ஆறினதும் கழற்றி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முறுக்கு இல்லை.

"நேரா இருக்கு," என்றார். பிறகு ஒடுக்கியையே பார்த்துக்கொண்டு கேட்டார். "மிஸ், வாரத்துல ரெண்டு நாள் வர முடியுமா? பள்ளிக்கூடம் விட்டு?"

பதின்மூன்று வருஷப் பழக்கத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. வேறு யாரிடமும் கேட்டிருப்பாரா என்பதும் சந்தேகம். ஓம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் மகா பொய்.

"அக்கா, எனக்கு மாற்றம் வந்திட்டுது. கொழும்புக்குப் போறம்."

அவர் ஒடுக்கியைக் கீழே வைக்கவில்லை. நான் வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். கணவர் தனியச் சமைத்துச் சாப்பிடுகிறார், பிள்ளைகளின் படிப்பு, நான்தான் எழுதிக் கேட்டேன், லேத் இப்படி முடியும் என்று தெரிந்திருந்தால்... அந்த வசனத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேன்தான். எத்தனை வருஷம், நான் பிடிக்கட்டே, நான் பிடிக்கட்டே என்று அந்த மனுஷியை அரித்தெடுத்தவள் நான். அவர் மறுமுனையைத் தந்த நாளில் எனக்கு வாங்க வழியில்லை. வெட்கமாக இருந்தது.

"எப்பப் போறீங்க?"

"வாற முதலாந்திகதி."

ஒடுக்கியை மேசையில் வைத்துவிட்டு, வலது கைப் பெருவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"இன்னும் ஒம்பது நாள் இருக்கு," என்றார். அலுமாரிக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். "சாமான் பதினாறு கெடக்கு. நாளைக்கி வாங்க. வெள்ளன வாங்க."

பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு ஒன்பது நாளும் போனேன். கண்டியில் எங்கள் வீட்டுச் சாமானைக் கட்ட லீவில் வந்திருந்த என் கணவர், அலுமாரியைத் தூக்க மறுபக்கம் பிடிக்க ஆளில்லாமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். எனக்கும் அக்காவுக்கும் தினமும் சண்டை. நான் வேகமாகச் சுற்றிவிடுவேன், அவர் ரப்பர் குழாயைத் துப்பிவிட்டு, "பிள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுக்கிறப்பவும் இந்த அவசரந்தானா?" என்பார். இரண்டு சாமான் என் கையால் கோணிப் போயிற்று. அவற்றை வெட்டி மறுபடியும் ஒட்டினோம். உடைத்துக் குப்பையில் போடவில்லை. ஆறாம் நாளளவில் அவர் கட்டளையிடுவதை நிறுத்திவிட்டார். நானும் கேட்கவில்லை. அவர் மூச்சை இழுப்பதைக் கண்டால் என் கை தானாக மெதுவாகியது.

ஒன்பதாம் நாள் பதினாறாவது சாமானும் முடிந்தது. அக்கா அதைத் துவாயில் சுற்றி வைத்தார்.

"திங்கக்கெழமை பாஸ் மோட்டரு கொண்டாறாரு. அதுவும் நல்லாத்தான் ஓடும். நீங்க யோசிக்காம போய்ட்டு வாங்க மிஸ்."

"கடிதம் போடுவன் அக்கா."

"போடுங்க," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் மேசையைத் துடைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, துடைத்த துணியைப் போட்டுவிட்டு என்னோடு பஸ் ஹோல்ட் வரைக்கும் இறங்கி வந்தார்.

கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தும் என் வலது தோள் வலித்துக்கொண்டே இருந்தது. ஒன்பது நாள் கைப்பிடி சுற்றின வலி. எண்ணெய் பூசு என்று கணவர் சொன்னார், பூசவில்லை. தலைவாரக் கையைத் தூக்கும்போது வலிக்கும். கரும்பலகையில் எழுதும்போது வலிக்கும். அந்த வலி இருக்கட்டும் என்று விட்டேன். மூன்றாம் கிழமை ஒரு காலையில், மேசையில் பூட்டிச் சுற்றுகிற திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். பாதித் தேங்காய் முடிந்த பிறகுதான் தெரிந்தது, தோள் வலிக்கவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு, குசினித் தரையிலேயே இருந்து அழுதேன்.